நாலாவது கைப்பிடி

கஞ்சிக் கரண்டி உதட்டில் பட்டதும் மெஹருன்னிசா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மலிகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து பச்சரிசியை உடைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து, இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. ஆக்கியவளுக்குத்தான் அடுப்புப் புகையின் அருமை தெரியும்.

"என்ன மைனி இது? வியாழக்கிழமை மெட்ராசு வண்டி ஏறணும். வயித்துல ஒண்ணும் இல்லாம எப்படிப் போவீக?"

"நான் எங்கிட்டும் போகல."

"நேத்து வரைக்கும் போறேன்னுதானே சொன்னீக?"

"நேத்து வேற. இன்னைக்கு வேற."

மலிகா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். சத்தம் வரும்படிதான் வைத்தாள்.

மலிகா காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் அலியார், பாம்பன் தெற்குவாடிக் கரையில் வள்ளம் கட்டும் ஓடாவி. மரத்தோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசமாட்டார். அவர் பெண்டாட்டிதான் மெஹருன்னிசா. போன வருஷம் மார்பில் ஒரு கட்டி வந்தது. சுண்டைக்காய் அளவு இருந்தபோது வெட்கப்பட்டு மறைத்தாள். எலுமிச்சை அளவு ஆனபோது பயந்து மறைத்தாள். அப்புறம் மறைக்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் அறுத்து எடுத்தார்கள். புண் ஆறியது போல ஆறி, பங்குனியில் மறுபடி வாய் திறந்துகொண்டது. மார்பில் புத்து என்று ஊருக்கே தெரியும். வாசலில் நின்று நலம் விசாரிப்பவர்கள் ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். "அந்தச் சீக்கு" என்பார்கள்.

மண்டபத்து டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கதிர்க் கரண்டு வைத்தால் நின்றாலும் நிற்கும். தள்ளிப்போட்டால் எலும்பில் இறங்கிவிடும். அப்புறம் என்னிடம் வந்து அழாதீர்கள் என்றார். ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வைத்ததும் அவர்தான். இந்த வெள்ளிக்கிழமை போய் நிற்காவிட்டால் அந்தக் கட்டில் வேறு யாருக்கோ போய்விடும்.

மலிகாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவள் புருஷன் சலாஹுதீன் கொழும்பில் கடை வைத்திருக்கிறான். பாஸ்போர்ட்டு, விசா என்று சட்டம் வந்த பிறகு அவன் வரவும் இல்லை, இவளை அழைத்துக்கொள்ளவும் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்வது என்றால் லேசான காரியமா? புண்ணைக் கழுவ வேண்டும், துணி மாற்ற வேண்டும், மாற்றிய துணியை வேப்பிலை போட்டு அவிக்க வேண்டும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. மெஹருன்னிசாவால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் மூச்சு அடைக்கும், புண் இழுக்கும். தலையணைகளை அடுக்கினால் சரிந்துவிடும். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். மலிகா பாயில் உட்கார்ந்துகொள்வாள். அவள் முதுகில் முதுகைச் சாய்த்து மெஹருன்னிசா கண் அயர்வாள். மலிகா அசைந்தால் இவள் விழித்துவிடுவாள். ஆகையால் மலிகா அசைவதில்லை. பங்குனியிலிருந்து இந்த ஆடி வரைக்கும் அவள் முதுகு மனுஷ முதுகாக இல்லை, சுவராகத்தான் இருந்தது.

இருப்பதோ வீட்டின் உள்ளறை. ஜன்னல் கிடையாது. அந்த வீட்டில் புருஷனை இழந்த பெண்கள் இத்தா இருந்த அறை அது. ஆண் கண் படாமல் நாலு மாதமும் பத்து நாளும் கழிப்பதற்காகவே கட்டியது. அங்கேதான் மெஹருன்னிசாவைக் கிடத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவள் காலிதா பெரியம்மா. பக்கத்து வீடு. அழைக்காமல் வருவாள், அனுப்பினாலும் போகமாட்டாள்.

"புண்ணுல காத்துப் பட்டா சீழ் கோத்துக்கிரும். வெளிச்சம் பட்டா கண்ணூறு. உள்ளதேன் கிடக்கணும்" என்பாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் காற்றில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

மலிகா கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். "மைனி, என்னதான் ஆச்சு? என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறீக?"

மெஹருன்னிசா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னாள்.

"உங்க காக்கா எனக்கு அளவு எடுத்துட்டாரு."

"என்ன அளவு?"

"விடியக்காலம் சுபுஹுக்குப் பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம். நீ உக்காந்தபடியே தூங்கிட்டே. நான் கண்ணைத் தொறக்காமக் கிடந்தேன். பூனை மாதிரி வந்தாரு. கையில கயிறு. தலைமாட்டுல பிடிச்சாரு, கால்மாட்டுல பிடிச்சாரு. முடிச்சுப் போட்டாரு. போயிட்டாரு."

மலிகாவின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

அந்தத் தெருவில் யார் வீட்டில் மய்யத்து விழுந்தாலும் குழி வெட்டுகிற மஹ்மூது வருவான். கயிறு பிடித்துத் தலைக்கு ஒரு முடிச்சு, காலுக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போவான். கயிறு பிடித்து ஆளை அளக்கிற வேலை வேறு எதற்கும் கிடையாது. குழந்தைகளுக்குக்கூட விளையாட்டாக அப்படி அளக்க விடமாட்டார்கள்.

"சும்மா இருங்க மைனி. கனாக் கண்டிருப்பீக."

"கனாவா? மய்யத்துத் தூக்குற பள்ளிவாசல் சந்தூக்கு கால் இத்துப் போச்சு, புதுசு செய்யணும்னு ஜமாத்துல பேசிக்கிட்டாகள்ல? ஓடாவி கையில வேற வேலை என்ன இருக்கு? முதல் ஆளா என்னையவே ஏத்திரலாம்." அவள் சிரித்தாள். சிரிப்பு புண்ணில் இழுத்து முகம் கோணியது. "டாக்டர் அவருகிட்ட என்ன சொன்னாரோ. என்கிட்ட மட்டும் மெட்ராசு, கரண்டுன்னு சொல்றாக. சாகப் போறவளை எதுக்கு வண்டியில ஏத்தி நாறடிக்கணும்? போன தடவை பட்டது போதாதா?"

போன தடவை பட்டது மலிகாவுக்கும் மறக்கவில்லை. மதுரையிலிருந்து திரும்பும்போது எதிரே இருந்த குடும்பம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனது. அப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள் போனார்கள். பரமக்குடி வருவதற்குள் அந்தப் பெட்டியில் இவர்கள் மட்டும்தான். மெஹருன்னிசா பாம்பன் வரைக்கும் முக்காட்டை எடுக்கவில்லை.

மதியம் அலியார் சோறுண்ண வந்தார். பாறைமீன் ஆணமும் கத்தரிக்காயும். தலை குனிந்து பிசைந்து சாப்பிட்டார். காதோரம் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"காக்கா, மைனி பச்சத் தண்ணி பல்லுல படாமக் கிடக்கு."

"ம்."

"எதுக்கு அளவு எடுத்தீக?"

பிசைந்த கை நின்றது. அவர் தங்கச்சியைப் பார்த்தார், உள்ளறைக் கதவைப் பார்த்தார். முகத்தில் திருடன் அகப்பட்ட மாதிரி ஒரு முழி.

"முழிச்சிருந்தாளா?"

"எதுக்குன்னு கேக்குறேன்."

"வேலை முடியட்டும்."

"என்ன வேலை?"

"கேக்காதேன்னா கேக்காதே!" தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. வாசலில் இருந்த காலிதா பெரியம்மா, "கோவத்தைப் பாரேன், ஆண்டவனே" என்று காற்றுக்குச் சொன்னாள்.

மலிகா அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை!

மறுநாளும் மெஹருன்னிசா எதையும் தொடவில்லை. உதட்டை நனைக்கத் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டாள். கச்சான் காற்று முற்றியிருந்தது. தெருவில் மணல் பறந்தது. இப்படி அடித்தால் கடல் பாலத்தில் வண்டியை விடமாட்டார்கள், வியாழக்கிழமை வண்டியே சந்தேகம் என்று பேசிக்கொண்டார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மலிகா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். வள்ளம் கட்டுகிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. போனால் போகட்டும், என்ன செய்துவிடுவார்கள்?

கொட்டகையில் இருளாண்டி மட்டும் இருந்தான். நயினார்கோவில் பக்கத்து ஆள். மானாவாரி பொய்த்த வருஷம் மரம் அறுக்க வந்தவன், இங்கேயே தங்கிவிட்டான். கருவாட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் பதறி எழுந்தான்.

"தாயி! நீங்க எங்க இங்கன? வீட்டுல ஏதும்…"

மலிகா அவனைத் தாண்டிப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் அது இருந்தது.

பழைய வள்ளத்துப் பலகை. ஆள் நீளம். இரண்டு பக்கமும் தடுப்பு. அடியில் பலகைக்குப் பலகை பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசி, சொட்டு ஒழுகாமல் அடைத்திருந்தது. நாலு மூலையிலும் நாலு கைப்பிடி, தோளில் வைக்க வாகாக இழைத்து வழவழவென்று.

"யாருக்கு இது?"

"அதைக் கேக்கப்படாதுன்னுட்டாருல்ல ஓடாவி. நானும் ஒரு மாசமாக் கேட்டுப் பாத்தேன், வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. நாலு பேரு தூக்குறாப்ல இருக்கணும், தண்ணி ஒழுகப்படாது, வாசல்ல இடிக்கப்படாது. அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும் தாயி. வேப்பம் பலகையாத் தேடிப் பொறுக்கி வச்சிருக்காரு, பூச்சி பொட்டு அண்டாதுன்னு."

மலிகா மணலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இனிமேல் நீட்டிப் படுத்துத் தூங்கலாம் என்பதுதான். அந்த நினைப்பு வந்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த அலியார் தங்கச்சியைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"உன்னைய யாரு இங்கன வரச் சொன்னது?"

"நீங்க பெண்டாட்டி உசிரோட இருக்கயில சந்தூக்கு செய்வீக, நான் வீட்டுல உக்காந்து கஞ்சி காய்ச்சணுமா?"

"என்னது?"

"ஓடாவிக்குக் கை அரிக்குதோ? ரெண்டு நாளா அது பட்டினி கிடக்கு. நீங்க அறுக்குற சத்தம் வீட்டுக்குக் கேக்குது காக்கா! ஒவ்வொரு இழுப்புக்கும் அது கண்ணை மூடுது!"

இருளாண்டி கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனான். அலியார் தொப்பியைக் கழற்றினார். பிறகு மடியை அவிழ்த்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துத் தங்கச்சி மடியில் போட்டார்.

"பாரு."

"என்னத்தப் பாக்க?"

"முடிச்சப் பாரு. இது மெஹரு தலை. இது இடுப்பு. இது பாதம்."

"தெரியுதே. மஹ்மூது போடுறது மாதிரியே போட்டிருக்கீக."

"அந்தண்டை நுனியப் பாரு."

மலிகா கயிற்றைத் திருப்பினாள். மறு நுனியிலும் முடிச்சுகள் இருந்தன. "இது யாரு?"

"நீயி."

"நானா?"

"குந்துனபடி தூங்கிக்கிட்டிருந்தே. உன் முதுகு எம்புட்டுச் சாய்வா இருந்தா அவளுக்கு மூச்சு வருதுன்னு பாக்கணும்ல? வேலையை முடிக்குமுன்ன அதுக்குத்தேன் கடைசியா ஒருக்கா அளந்தேன். அப்புறம் நீ நீட்டிப் படுக்கவும் அளந்தேன்." அவர் போய்ப் பலகையின் தலைப்பக்கத்தைத் தூக்கினார். அது கீலில் எழும்பியது. அடியில் படிப்படியாக வெட்டிய கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. "எந்தச் சாய்வு வேணுமோ அந்தப் படியில வச்சுக்கிறலாம். ஒரு ஆளு ஒரு கையால தூக்கிறலாம். கழுவுற தண்ணி இந்தக் குழி வழியா ஓடிரும், துணி நனையாது. இந்தா, இந்தப் பக்கத் தடுப்புல பலகையச் சாச்சு அடிச்சிருக்கேன். உள்ள இருந்து பாத்தா வெளிய எல்லாம் தெரியும், காத்து வரும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. இத்தா அறையில கிடந்தது போதும் அவ. முன்னறையில போடப்போறேன், வாசலப் பாத்து."

பேசவே பேசாத மனிதர் மடை திறந்த மாதிரி பேசினார். குனிந்து அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தார். மேசையிலிருந்து இழுப்பறை வருகிற மாதிரி அது பக்கத்தில் நீண்டு நின்றது. ஒரு ஆள் படுக்கலாம்.

"இது?"

"சொன்னேன்ல. அந்தண்டை நுனி."

மலிகா அந்தப் பலகையைத் தடவினாள். தலை வைக்கிற இடத்தைக் கொஞ்சம் குழித்து இழைத்திருந்தார். மலிகாவுக்குக் கோபம்தான் வந்தது.

"இதை ஒரு வார்த்தை சொன்னா என்ன காக்கா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நம்மளப் பெத்த அத்தா ஒரே ஒரு வள்ளத்தைத்தேன் யாருக்குன்னு சொல்லிட்டுக் கட்டுனாக. முடிக்கு முன்னால ஊரெல்லாம் சொன்னாக. அது தனுஷ்கோடி தாண்டல, ஆளோட போச்சு. அதுக்கு அப்புறம் அடிமரம் வச்ச வேலையை முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்டுல வாயத் தொறக்கிறதில்ல. மூடநம்பிக்கைன்னு சொல்லு. ஆனா இந்த வேலையில எப்படிடி நான் வாயத் தொறப்பேன்?" தங்கச்சி பார்க்காமல் இருக்க உளியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார்கள். அலியார், இருளாண்டி, வலைக்காரர் மீரா சாகிபு, அவர் மகன், நாலு பேரும் கைப்பிடியைத் தோளில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். காலிதா பெரியம்மா வாசலில் ஒரே கூப்பாடு.

"நவூதுபில்லாஹ்! இதை எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாறீக? ஆம்பளைக வந்து போற முன்னறையில சீக்காளியப் போடுறதா? ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும் பெரியம்மா. அழுறதுக்கு இந்த வீட்டுல இன்னும் மய்யத்து விழல" என்றாள் மலிகா.

முந்தின நாளே எல்லாவற்றையும் மெஹருன்னிசாவிடம் சொல்லியாயிற்று. கயிறு, முடிச்சு, சாய்வு, அத்தா கட்டிய வள்ளம் எல்லாம். அவள் ம் கொட்டினாள், அவ்வளவுதான். பொய் சொல்லக்கூட எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. இப்போது ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு மலிகா அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள். மெஹருன்னிசா நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"பெட்டி நல்லாத்தேன் இருக்கு. மூடி எங்க?"

"மைனி, சும்மா உக்காந்து பாருங்க."

உட்கார வைத்து, சாய வைத்து, தலைப்பலகையை ஒரு படி ஏற்றினாள். இன்னொரு படி. மூன்றாவது படியில் மெஹருன்னிசாவின் தோள்கள் இறங்கின. மூச்சு ஒன்று உள்ளே போய் முழுசாக வெளியே வந்தது. வாசலிலிருந்து கச்சான் உள்ளே வந்து அவள் நெற்றி மயிரை ஒதுக்கியது. சாய்த்து அடித்த பலகை இடுக்கு வழியே தெரு தெரிந்தது. எதிர்வீட்டு ஆடு, காயப்போட்ட வலை, பெரியம்மாவின் முதுகு. மலிகா பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி கொண்டாரவா மைனி?"

மெஹருன்னிசா தலையை அசைத்தாள். அரைக் கிண்ணம் குடித்தாள்.

இதோடு முடிந்தது என்று மலிகா நினைத்தாள். முடியவில்லை. மதியத்துக்கு மேல் வண்டி. ஸ்டேஷன் மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நாலு ஆண்களும் உள்ளே வந்து நாலு மூலையில் நின்றார்கள். மீரா சாகிபு வழக்கம் போல பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். மெஹருன்னிசா முக்காட்டுக்குள்ளிருந்து அலறினாள்.

"வைக்காதீக! கையை எடுங்க!"

"மெஹரு, டேசனுக்குத்தேன்…"

"உசிரோட நாலு பேரு தோள்ல ஏத்தித் தெருவழியா கொண்டு போவீகளா மச்சான்? தெருவே எந்திரிச்சு நிக்கும். கடையைச் சாத்துவாக. எனக்கு ஸலாம் சொல்லுவாகளா, துஆ ஓதுவாகளா? நான் மவுத்தானதுக்கு அப்புறம் தூக்குங்க. இப்ப இறக்கி விடுங்க, நான் உள்ளறைக்கே போறேன்!"

"மாட்டு வண்டியில போன தடவை ரத்தம் வந்துருச்சேடி."

"வரட்டும்! வரட்டும்!"

"நாந்தேன் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே" என்றாள் பெரியம்மா.

இருளாண்டி வாசலில் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "காத்துக் கூடுது ஓடாவி. தனுஷ்கோடியில இருந்து வண்டி வந்துரும். பாலத்துல விடுறானோ என்னமோ. இன்னைக்கு விட்டா நாளைக்கு உண்டான்னு தெரியாது."

அலியார் கைப்பிடியை விட்டார். கொல்லைப் பக்கம் போனார். வரும்போது கையில் ரம்பம். மலிகா குறுக்கே போகுமுன் குந்தி உட்கார்ந்து, ஒரு மூலைக் கைப்பிடியில் ரம்பத்தை வைத்து இழுத்தார். எத்தனை நாள் இழைத்ததோ, பளபளவென்று இருந்த கைப்பிடி. மரத்தூள் அவர் கைலியில் கொட்டியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை. துண்டு தரையில் விழுந்து உருண்டது. எழுந்து அடுத்த மூலைக்குப் போனார்.

"நாலையும் அறுத்துர்றேன் மெஹரு. நீ எறங்காதே. எப்படியாவது கொண்டு போறேன். நானே சுமந்துக்கிட்டுப் போறேன். நீ மட்டும் வரமாட்டேன்னு சொல்லாதே."

ரம்பம் இரண்டாவது கைப்பிடியில் பதிந்தது.

"நிறுத்துங்க மச்சான்."

அவர் நிறுத்தினார். மெஹருன்னிசா முக்காட்டை விலக்கிக் கீழே கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்த மாதிரி இருந்தது மலிகாவுக்கு.

"மூணு கைப்பிடி உள்ள சந்தூக்கு எந்த ஊருலயும் கிடையாதுல்ல?"

"கிடையாது" என்றார் மீரா சாகிபு, மார்க்கத் தீர்ப்பு சொல்கிற மாதிரி.

"அப்ப இருக்கட்டும். அறுக்காதீக. கையை ஒடிச்சுக்கிட்டு நிக்காதீக." புருஷன் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "தோள்ல வேணாம். இடுப்பு உசரத்துல பிடிங்க."

அறுபட்ட மூலையில் நின்ற மீரா சாகிபு மகன் கையைப் பிசைந்தான். எங்கே பிடிப்பது? மலிகா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நகருப்பா. அடியில கை குடுத்து நான் பிடிச்சுக்கிறேன்."

பெரியம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஏண்டி, பொம்பளை தூக்குறதா? கபர்ஸ்தானுக்குப் பொம்பளை ஜனாஸா தூக்கி எங்கயாச்சும் உண்டா?"

"இல்லல்ல பெரியம்மா? அதுக்குத்தேன் நான் தூக்குறேன். பொம்பளை தூக்குனா அது ஜனாஸா இல்ல."

அப்படித்தான் தெருவில் போனார்கள். மூன்று கைப்பிடியில் மூன்று ஆண்கள், கைப்பிடி இல்லாத மூலையில் மலிகா. டீக்கடையில் இருந்தவர்கள் பாதி எழுந்தார்கள். எழுந்தவர்கள் மலிகாவைப் பார்த்து, நிற்பதா உட்காருவதா தெரியாமல் குந்தாமலும் நிற்காமலும் விழித்தார்கள். உள்ளே இருந்து மெஹருன்னிசாவின் குரல் வந்தது. "மலிகா, அந்த மூலை வீட்டுக்காரி சுவருக்கு நீலம் அடிச்சிருக்காடி. எப்ப அடிச்சா?" மலிகாவின் முழங்கை இற்று விழுவது போல வலித்தது. "முந்தா மாசம்" என்றாள். "மெதுவா நடங்கப்பா, எல்லாத்தையும் பாக்க விடுங்க" என்றது உள்ளிருந்த குரல்.

மீன்கூடை ஏற்றுகிற பெட்டியில் இடம் கொடுக்க ரயில் கார்டு ஒத்துக்கொண்டிருந்தார். சூரையும் சீலாவுமாக ஐஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டி வாசலில் மெஹருன்னிசா மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த நாத்தத்துல என் நாத்தம் எவனுக்குத் தெரியும்?" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தது அந்தப் பெட்டியில்தான்.

வண்டி பாலத்துக்கு முன்னால் காற்றுக்காகக் காத்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அலியார் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைகாட்டியைப் பார்த்தபடி ஓதிக்கொண்டிருந்தார். மலிகா அடிப்பலகையை இழுத்தாள். கூடை இடிக்கிறதா என்று பார்க்கத்தான் இழுத்தாள். நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் சாய்ந்தாள்.

காற்று தணிந்து, கைகாட்டி இறங்கி, வண்டி ஊர்ந்து ஊர்ந்து பாலம் ஏறியது. கீழே கடல் வெள்ளையாகக் குதித்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் கூடைகள் சரிந்தன. மலிகா எழவில்லை. புண்ணுக்குத் துணி மாற்ற வேண்டிய நேரம் வந்தது. அலியார் தங்கச்சியை எழுப்பக் குனிந்தபோது மெஹருன்னிசா அவர் கையைத் தட்டிவிட்டாள். "செத்த பொறுக்கலாம். துணி எங்கயும் ஓடிறாது." வண்டி ஆட்டத்தில் உருண்டு விழுந்துவிடாமல் இருக்க மலிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் வண்டி நின்றதும் கார்டு பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மேலே சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டு இருப்பவளையும், கீழே வாயைப் பிளந்து அடித்துப் போட்ட மாதிரி கிடப்பவளையும் பார்த்தார். கீழே இருப்பவளைக் காட்டி இரக்கமாகக் கேட்டார்.

"இவங்கதான் சீக்காளியாம்மா? ரொம்ப முடியலையோ?"

மெஹருன்னிசா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா. பங்குனியில இருந்து முடியல இவளுக்கு. சத்தம் போடாம வண்டிய எடுக்கச் சொல்லுங்க."